கவிழ்த்து வைத்த டம்ளர்

— ரத்தம் எடுக்கச் சொல்லி யார் சொன்னது?

— மெதுவாப் பேசுங்க. பக்கத்து பெட்டுல ஆள் இருக்கு. டாக்டர்தான் எடுத்தாரு, வேற யாரு? ஆஸ்பத்திரின்னா ரத்தம் எடுக்க மாட்டாங்களா?

— இந்தா பாரு, ஃபிட்ஸ் வந்து விழுந்த என் அக்காவுக்கு ஊசி போடணும், தலையில தையல் போடணும், ஒடிஞ்ச கைக்கு மாவுக்கட்டு போடணும். உடம்புல மருந்து இருக்கா இல்லையான்னு தோண்டிப் பார்க்கிறதுக்கு இப்ப என்ன அவசரம்?

— நல்லா இருக்கே. மூணு வருஷமா நின்னிருந்தது ஒரே காலையில மூணு தடவை வந்திருக்கு. ஏன்னு பார்க்க மாட்டாங்களா? லிஃப்ட் நின்னுபோச்சுன்னு கூப்பிட்டா நீங்க முதல்ல கரண்ட் வருதான்னு பார்க்க மாட்டீங்க?

— என் வேலையை எதுக்கு இதுல இழுக்கிற? அவர் என்ன சொன்னாரு, அதைச் சொல்லு.

— போன்லயே சொன்னேனே.

— லிஃப்ட் குழிக்குள்ள நின்னுக்கிட்டிருந்தேன். பாதிதான் கேட்டுச்சு. திரும்பச் சொல்லு.

— ரத்தத்துல மருந்தே இல்லையாம். குறைச்சலா இருக்குன்னு கூட இல்ல, சுத்தமா இல்ல. ஒரு வாரத்துக்கு மேல உள்ள போகாம இருந்தாத்தான் இப்படி இருக்கும்னாரு. சொல்லிட்டு, "வீட்டுல மருந்து குடுக்கிறது யாரும்மா?"ன்னாரு. வார்டே திரும்பிப் பார்த்துச்சு. பேக்கரி மாவு ஒட்டின கையோட நிக்கிறேன், கையும் களவுமா பிடிபட்டவ மாதிரி.

— நீ என்ன சொன்ன?

— முன்னாடி நான் குடுத்தேன், இப்ப பன்னெண்டு நாளா என் வீட்டுக்காரர் குடுக்கிறாருன்னேன்.

— ஓகோ. அழகா என் தலையில கட்டிட்டு வந்துட்ட.

— கட்டல. உள்ளதைச் சொன்னேன். சொல்லுங்க பார்ப்போம், அஞ்சு மணிக்கு பேக்கரிக்குப் போய் நிக்கிறவ எட்டு மணி மருந்தை எப்படிக் குடுப்பேன்?

— நான் குடுத்தேன். தினமும் குடுத்தேன். மூணு மாத்திரை. அந்தச் சின்ன உரல்ல போட்டு இடிச்சு, டம்ளர்ல கொட்டி, தண்ணி ஊத்தி, ஸ்பூன்ல கலக்கி, கையில குடுத்து, குடிச்சு முடிக்கிற வரைக்கும் எதிர்லயே நின்னேன். கசப்பு தாங்காம எப்பவும் போல மூஞ்சியை அஷ்டகோணலா சுளிச்சுக்கிட்டுதான் குடிச்சா. மருந்து இல்லாமயா அப்படி ஒரு சுளிப்பு? குடிச்சதும் டம்ளரைக் கழுவி ஃபிரிட்ஜ் மேல கவுத்து வெச்சேன். நீ வந்து பார்த்தியா, இல்லையா?

— பார்த்தேன். ஒன்பதரை மணிக்கு வந்ததும் செருப்பைக் கூட கழட்டாம முதல்ல அதைத்தான் பார்ப்பேன். கவுந்துதான் இருந்துச்சு.

— பன்னெண்டு நாளும்?

— பன்னெண்டு நாளும். இன்னிக்கும். கவுந்திருந்தா குடுத்தாச்சு, நிமிர்ந்திருந்தா குடுக்கல. அன்னிக்கு அண்ணி மறந்துபோய்த் தானாவே ஒரு தடவை போட்டுக்கிட்டு, நீங்க ஒரு தடவை குடுத்து, நான் வந்து ஒரு தடவை குடுத்து, மூணு நாள் கண்ணு திறக்காமக் கிடந்தாங்களே, அதுலேர்ந்து அதுதானே நம்ம வீட்டுச் சட்டம். மாத்திரையை பீரோவுல வெச்சுப் பூட்டினதும் அதுலேர்ந்துதான். அந்த டம்ளர்ல வேற யாரும் ஒரு வாய்த் தண்ணி கூட குடிக்கிறதில்ல.

— இதை ஏன் எனக்குப் பாடம் எடுக்கிற? சட்டம் போட்டதே நான்தான். டாக்டர்கிட்ட சொல்லு.

— சொன்னேனே. சிரிச்சாரு. "டம்ளரை நம்பாதீங்கம்மா, ஆளைப் பாருங்க"ன்னாரு. சொல்லிட்டு என்னமோ எழுதிக்கிட்டாரு.

— அவருக்கென்ன, சிரிப்பாரு. வந்து ஒரு நாள் இருந்து பார்க்கச் சொல்லு.

— இன்னிக்கு ஏன் எனக்கு ஒண்ணுமே தோணலன்னு தெரியல. எப்பவும் போல வந்தேன். டம்ளர் கவுந்திருந்துச்சு. சரி, நிம்மதின்னு உக்காந்து ஒரு காப்பி போட்டுக் குடிச்சேங்க. முழுசாக் குடிச்சேன். அப்புறம்தான் "அண்ணி"ன்னு கூப்பிட்டேன். போய்ப் பார்த்தா, பாத்ரூம்ல வாளிக்கும் சுவத்துக்கும் நடுவுல மடங்கிக் கிடக்காங்க. குழாயில தண்ணி போய்க்கிட்டே இருக்கு. நான் அங்க காப்பி ஆத்திக்கிட்டிருந்தப்ப அவங்க இங்க...

— விடு.

— பல்லு நாக்குல இறங்கி, வாயெல்லாம் ரத்தம். ஒரு பக்கமா புரட்டிப் போட்டேன், நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி. நின்னுச்சு. அப்பாடான்னு ஆம்புலன்ஸுக்கு போன் பண்றேன், மறுபடி வருது. வண்டியில வர்றப்ப இன்னொண்ணு. மூணு வருஷம் ரெண்டு மாசம். காலண்டர்ல ஒவ்வொரு மாசமும் பச்சைப் பேனாவுல டிக் போட்டு வெச்சிருக்கேன். எல்லாம் போச்சு. மறுபடி ஒண்ணுலேர்ந்து.

— சரி, டாக்டர் முடிவா என்ன எழுதப் போறாராம்?

— சாயங்காலம் ரவுண்ட்ஸ் வர்றப்ப சொல்றாராம். மருந்து ஒழுங்கா குடுத்தும் வந்திருந்தா, மருந்துக்கு அடங்கலன்னு எழுதுவாராம். குடுக்காம விட்டு வந்திருந்தா, வீட்டுல கவனிக்கலன்னு எழுதுவாராம்.

— அடங்கலன்னே எழுதட்டும். உன் மேலயும் பழி இல்ல, என் மேலயும் இல்ல. லேப்ல என்னமோ தப்பு நடந்துபோச்சு, அவ்வளவுதான்.

— என்னங்க, புரிஞ்சுதான் பேசறீங்களா? அடங்கலன்னு எழுதினா அடுத்தது ஃபிட்ஸ்காரங்களை வெச்சுப் பார்த்துக்கிற அந்த ஹோம்தான். அடங்காத கேஸை மட்டும்தானே அங்க எடுத்துக்கிறாங்க. போன வருஷம் நான் ஃபாரம் வாங்கிட்டு வந்தப்ப ரெண்டாவது பக்கத்துல பார்த்தோமே.

— யார் அனுப்பப் போறா இப்ப?

— அதானே. நீங்க அனுப்புவீங்களா? நாலாக் கிழிச்சு, அண்ணி கண்ணு முன்னாடியே குப்பையில போட்டீங்க. "என் அக்கா போகணும்னா முதல்ல நான் போகணும்"னீங்க. அவங்க அழுதாங்க. எனக்கு வெக்கத்துல அழுகை வந்துச்சு. நிஜத்தைச் சொல்லட்டுமா, கல்யாணம் ஆகி ஏழு வருஷம் கழிச்சு அன்னிக்குத்தான் உங்க மேல எனக்கு மரியாதையே வந்துச்சு.

— பழசையெல்லாம் எதுக்குக் கிளறற? இந்தா பாரு, நான் என்ன கேக்கிறேன்னா, மாத்திரை எங்க வாங்கின?

— எங்கன்னா? கடையில.

— எந்தக் கடையில?

— எப்பவும் நம்ம தெருமுனைக் கடைதான். இந்தத் தடவை பேக்கரிக்குப் பக்கத்துல, புதுசா கண்ணாடிக் கதவு போட்ட கடை. வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு வர்ற வழியில வாங்கிட்டு வந்துட்டேன். மறுபடி ஒரு நடை எதுக்குன்னு.

— பார்த்தியா.

— என்ன பார்த்தியா? சீட்டைக் காட்டித்தான் வாங்கினேன். அதே பேரு. அதே அட்டை.

— அதே அட்டையா இருந்தா போதுமா? உள்ள இருக்கிறது மருந்தா, சுண்ணாம்பான்னு உனக்குத் தெரியுமா? ஊர்ல போலி மாத்திரை விக்கலையா? தேதியாவது பார்த்தியா?

— தேதி... பார்க்கல.

— பார்க்கல! பன்னெண்டு நாளா நான் இடிச்சு இடிச்சுக் குடுக்கிறேன், அவ நம்பிக் குடிக்கிறா, உள்ள போனது மண்ணாங்கட்டி. நீ தேதி பார்க்கல!

— கத்தாதீங்க.

— மருந்து குடுத்தது நான். டம்ளரைக் கவுத்தது நான். அதுல ஒரு குறை கிடையாது. வாங்கினது நீ.

— அப்போ நான்தானா?

— நான் அப்படிச் சொல்லல.

— அதைத்தானே சொன்னீங்க. வேலைக்குப் போகலன்னா அந்தக் கடைக்கே போயிருக்க மாட்டேன். வேலைக்குப் போன்னு சொன்னது யாரு? நானா கேட்டேன்? பேக்கரியில சரக்கு லிஃப்ட்டை ரிப்பேர் பண்ணப் போனவரு, முதலாளிகிட்ட பேசி இடம் பிடிச்சுட்டு வந்து, "நாலு சுவத்துக்குள்ள எத்தனை நாள் கிடப்ப, காலையில நாலு மணி நேரம் போய்ட்டு வா, அக்காவை நான் பார்த்துக்கிறேன்"னு நீங்கதானே சொன்னீங்க?

— உன் நல்லதுக்குச் சொன்னேன்.

— எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். அந்த வேலை ஒண்ணும் சொர்க்கம் இல்ல, அடுப்புச் சூட்டுல முகமெல்லாம் வெந்துபோகுது. ஆனா அங்க டமார்னு ஒரு தட்டு விழுந்தா, தட்டுதான் விழுந்திருக்கு. வீட்டுல ஒரு ஸ்பூன் விழுந்தாக் கூட முதல்ல ஓடிப்போய் அண்ணியைப் பார்க்கணும். எட்டு வருஷமா குளிக்கும்போது ஒரு நாள் கூட குழாயை முழுசாத் திறந்ததில்ல, வெளியே சத்தம் கேக்காதுன்னு. அங்க போய்த்தான் எனக்கே தெரிஞ்சுது, நான் மூச்சை அடக்கிக்கிட்டே வாழறேன்னு.

— எனக்குத் தெரியாததா?

— இன்னொண்ணும் சொல்றேன். சொல்லிட்டா நெஞ்சு கொஞ்சம் ஆறும். அவங்க தூங்கறாங்க, ஊசி போட்டிருக்காங்க, சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டாங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. ஒரு நாள் பஸ்ல வரும்போது நினைச்சேன். அண்ணி மட்டும் இல்லன்னா நமக்கு இந்நேரம் ஒரு குழந்தை இருக்கும்னு. போய்ச் சேர்ந்துட்டாத் தேவலைன்னு நினைச்சேங்க. நானே. தினமும் அவங்களுக்குத் தலை வாரி விடறவ.

— இப்பல்ல வெளிய வருது.

— ஆமா, வருது. அதை நினைச்சதுக்குத்தான் இது. என் கையாலயே போலி மாத்திரை வாங்க வெச்சு, என் கண்ணாலயே பார்க்க வெச்சுட்டான் கடவுள்.

— அழாதே. எல்லாரும் பார்க்கிறாங்க.

— பார்க்கட்டும். நான் போய் டாக்டர்கிட்ட சொல்றேன். நான்தான் தப்பான கடையில வாங்கினேன்னு சொல்றேன். மிச்ச அட்டை கையில இருக்கு. சீட்டோட சேர்த்து எடுத்துட்டு வந்திருக்கேன். இதையும் லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ணச் சொல்றேன்.

— வேணாம்.

— ஏன்?

— இந்தா பாரு, வேணாம்னா வேணாம். அது போலீஸ், கேஸ்னு எங்கெங்கயோ போகும். கோர்ட்டுக்கு யார் அலையறது?

— அலைவோம். அந்தக் கடையில இன்னும் எத்தனை பேர் வாங்கிக்கிட்டிருக்காங்களோ. வேற யார் வீட்டுலயாவது இப்படி ஒரு உசுரு பாத்ரூம்ல கிடந்தா?

— அட்டையைக் குடு இங்க.

— விடுங்க கையை. என்ன இது? எதுக்குப் பிடுங்கறீங்க?

— குடுன்னு சொல்றேன்ல!

— டெஸ்ட்டெல்லாம் ஒண்ணும் வேணாம் கண்ணு.

— அண்ணி! ஐயோ, முழிச்சுட்டாங்க. அண்ணி, என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்?

— வாய் ஓயாதவ. என் தம்பி பொண்டாட்டி. நாக்கு ஒரு முழத்துக்கு வீங்கிக் கிடக்கு, என்னை நிறையப் பேச வைக்காதே. தண்ணி குடு.

— மெதுவா. ஒரு ஸ்பூன், ஒரு ஸ்பூனா குடிங்க. எப்பலேர்ந்து முழிச்சிருக்கீங்க?

— ஆஸ்பத்திரியில எங்க தூங்க விடறீங்க? பக்கத்து பெட்டுக்காரம்மாவுக்கு இந்நேரம் நம்ம வீட்டுக் கதை முழுசும் மனப்பாடம் ஆகியிருக்கும்.

— அக்கா, நீ பேசாதே. ரெஸ்ட் எடு.

— நீ உக்காரு மெக்கானிக்கு. நிக்காதே. கண்ணு, அந்தக் கடைக்காரன் மேல பழி போடாதே. மாத்திரை நல்ல மாத்திரைதான். நான்தான் குடிக்கல.

— என்ன சொல்றீங்க?

— இவன் கையில வாங்குவேன். இவன் அந்தப் பக்கம் திரும்பினதும் ஜன்னல்ல இருக்கே, செடித் தொட்டி, அதுல ஊத்திடுவேன். காலி டம்ளரைக் குடுப்பேன். இவன் கழுவிக் கவுத்து வெச்சுடுவான். அவ்வளவுதான் கதை.

— அந்தச் செடியிலயா? நேத்து கூட ரெண்டு பூ வெச்சிருந்துச்சே, அண்ணி!

— என்னைவிட அதுக்குத்தான் மருந்து ஒத்துக்குது போல.

— சிரிக்காதீங்க! பத்திக்கிட்டு வருது எனக்கு. ஏங்க, குடிச்சு முடிக்கிற வரைக்கும் எதிர்லயே நின்னேன்னு சொன்னீங்க?

— அது... நின்னேன். போன் வரும்ல. காலையில எட்டு மணிக்குத்தானே எவனாவது லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டுக் கூப்பிடுவான். பேசிக்கிட்டே திரும்பியிருப்பேன்.

— மூஞ்சியைச் சுளிச்சாங்கன்னீங்க?

— சுளிச்சேன் கண்ணு. அவனுக்காக சுளிச்சேன். அவனைத் துருவாதே.

— ஏன் அண்ணி? ஏன் இப்படிப் பண்ணீங்க? நான் என்ன குறை வெச்சேன்?

— நீ ஒரு குறையும் வைக்கல. தூக்கம்தான். அந்த மருந்தைக் குடிச்சா பன்னெண்டு மணி வரைக்கும் பஞ்சு மூட்டைக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கு. ஒரு பக்கம் படிச்சா மேல என்ன இருந்துச்சுன்னு கீழ வர்றதுக்குள்ள மறந்துபோகுது. நாலு நாள் முழிச்சிருக்கலாம்னு ஒரு ஆசை. வயசு நாப்பத்தி மூணு ஆச்சு, ஒரு காலைப் பொழுதை முழுசாப் பார்த்ததில்ல.

— என்கிட்ட சொல்லக் கூடாதா? டாக்டர்கிட்ட கேட்டு மாத்தியிருப்போமே. செத்துப்போயிருப்பீங்க அண்ணி. தெரியுமா உங்களுக்கு? இன்னும் அஞ்சு நிமிஷம் நான் அந்தக் காப்பியை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா செத்தே போயிருப்பீங்க.

— தெரியும்.

— தெரியுமாம்! எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க. இருங்க, கட்டு அவிழட்டும், வெச்சுக்கிறேன். வேலையை விட்டுடறேன். நாளையிலேர்ந்து நானே குடுக்கிறேன். குடிச்சப்புறம் வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில வரைக்கும் பார்ப்பேன், பச்சைக் குழந்தைக்குப் பார்க்கிற மாதிரி.

— வேலையை விடாதே. நான் சொல்றதைக் கேளு. டாக்டர்கிட்ட போய்ச் சொல்லு, வீட்டுல குடுத்தா ஏமாத்திடறா, எந்நேரமும் ஆள் பார்த்துக்கிற இடம்தான் இவளுக்குச் சரின்னு எழுதச் சொல்லு. அடங்காத கேஸ் இல்லன்னாலும் அவர் எழுதினா சேர்த்துக்குவாங்க.

— எங்க?

— அந்த ஹோம்லதான்.

— நான் பஸ்ல நினைச்சதைச் சொன்னேனே, அதைக் கேட்டுட்டுத்தானே இப்படிப் பேசறீங்க?

— பைத்தியம். அதை நான் உனக்கு முன்னாடியே நினைச்சாச்சு. உன்னைவிட அதிக தடவை. குளிக்கும்போது குழாயைத் திறந்து விட்டுக் குளி கண்ணு. அது ஒண்ணு போதும் எனக்கு.

— முடியாது. எங்கயும் அனுப்ப மாட்டேன். உங்க தம்பி கிழிச்சாரே, அதே மாதிரி நானும் கிழிப்பேன். நான் டாக்டரைப் பார்த்து நடந்ததைச் சொல்லிட்டு வரேன். மருந்து உள்ள போகாமத்தான் வந்துச்சு, தப்பு எங்க மேலதான், இனிமே ஒழுங்கா குடுக்கிறோம்னு சொல்றேன். ஏங்க, மரம் மாதிரி உக்காந்திருக்கீங்களே, அவங்க கையைப் பிடிச்சுக்கோங்க. கட்டுப் போட்ட கை இல்ல, இந்தக் கை.

— போயிட்டாளா?

— ம்.

— திரையை இழுத்து விடு. அந்தம்மாவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும்.

— நிஜமாவே தொட்டியில ஊத்தினியாக்கா?

— ஏன், எதிர்ல நின்னியே, பார்க்கலையா?

— அதான் போன் வந்துச்சுன்னு...

— ஆமாமா. போன். பன்னெண்டு நாளும் சரியா எட்டு மணிக்கு ஒருத்தன் மாட்டியிருக்கான், பாவம். அதை விடு. உன் டூல் பை எங்க?

— கீழ, வண்டியில. எதுக்கு?

— சைடு ஜிப்புல ஒரு ஃபாரம் இருக்கு பாரு. எடுத்துட்டு வா. அவ எவ்வளவு கத்தினாலும் நான் கையெழுத்து போட்டுட்டா ஒண்ணும் பண்ண முடியாது. இடது கையிலதான் போடணும். கோணல் மாணலா இருந்தா ஒத்துக்குவாங்களா?

— எந்த ஃபாரம்? அதைத்தான் கிழிச்சுட்டேனேக்கா. உன் முன்னாடிதானே கிழிச்சேன்.

— அது போன வருஷம். நான் சொல்றது மடிச்சு மடிச்சு ஓரம் கறுத்துப்போன வேற ஃபாரம். போன மாசம் மூக்குக் கண்ணாடி கழண்டுபோச்சுன்னு உன் பையில குட்டி ஸ்க்ரூடிரைவர் தேடினேன். பேரு, வயசு, எல்லாம் நிரப்பி வெச்சிருக்க. உன் கையெழுத்து மணி மணியா இருந்துச்சு.

— அது சும்மா வெச்சிருந்தேன்க்கா. சத்தியமா உன்னை அனுப்பணும்னு இல்ல.

— தெரியும். உன்னால என்னை அனுப்ப முடியாது. சின்ன வயசுல ஒரு நாய்க்குட்டி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? விரட்டிட்டு வாடான்னு அம்மா சொன்னாங்க. நீ விரட்டல. கதவைத் திறந்து வெச்சுட்டு, முதுகைக் காட்டி உக்காந்துக்கிட்ட. அதுவா போயிடும்னு.

— அக்கா...

— போச்சு. நீ மூணு நாள் சாப்பிடல.

— எனக்குப் பதினாலு வயசுக்கா, நீ முதல் தடவை விழுந்தப்ப. இன்னிக்கு நாப்பது. லிஃப்ட் குழிக்குள்ள நின்னாலும் காது வீட்டுலதான். போன் அடிச்சா வீட்டு நம்பரான்னு பார்ப்பேன். அடிக்கலன்னா நானே போட்டுப் பார்ப்பேன். மூணு வருஷம் வரலன்னு அவ டிக் போட்டா, எனக்கு அந்தக் காலண்டரைப் பார்த்தாலே பயம். நாளைக்கு வருமோ, நாளைக்கு வருமோன்னு. வந்துத் தொலைஞ்சாத் தேவலைன்னு ஆயிடுச்சு. முடியலக்கா. என்னால முடியல.

— முடியலன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி.

— எப்படிச் சொல்றது?

— இப்ப சொன்னியே, அப்படித்தான். அழாதே. கண்ணைத் துடை. அவ வந்துடுவா, வந்தா கேப்பா. அவளுக்கு எப்பவும் தெரிய வேண்டாம். தொட்டிதான். என்ன?

— உனக்கு எப்போ தெரிஞ்சுது?

— ஃபாரமா? அதான் சொன்னேனே, போன மாசம்.

— ஃபாரம் இல்லக்கா.

— ஓ, அதுவா. முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. கசக்காத தண்ணியை மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டுக் குடிக்கிறதுதான் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு.